தாய்ச்செடி

சின்னவளுக்கு முதல் தட்டு வந்தது. அதுதான் ஆரம்பம்.

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அண்ணன். விருந்தாளி யாராவது இருந்தால் அடுத்து விருந்தாளி. பிறகு அண்ணி. அதற்கும் பிறகு, பாத்திரத்தின் அடியில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டால் அது சின்னவளின் முறை என்று அர்த்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே பசி எடுக்கப் பழகியவள் அவள். அப்பேர்ப்பட்ட வீட்டில் ஒரு புதன்கிழமை மதியம், ஆவி அடங்காத இரண்டு முட்டையும், வேகவைத்த கீரையும், ஒரு பெரிய டம்ளர் பாலும் முதல் தட்டாக அவள் முன்னால் வந்து இறங்கினால் சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா?

அவள் சந்தோஷப்பட்டாள். முப்பத்திரண்டு வயதிலும் சின்னவள் என்றே கூப்பிடப்படுகிறவர்களுக்குச் சந்தேகப்படத் தனியாகத் தைரியம் வேண்டும்.

"சாப்பிடு சின்னு. ஒரு துளி மிச்சம் வெக்காத."

"அண்ணனுக்கு அண்ணி?"

"அவருக்கு என்ன அவசரம். நீ முதல்ல சாப்பிடு."

அண்ணி எதிரே உட்கார்ந்து, மஞ்சள் கரு வாய்க்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைவதை அல்ல, தொண்டையை. ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவள் முகவாய் இம்மியளவு கீழே இறங்கி ஏறியது. சாப்பிட்டு முடித்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், உர மூட்டை நிறுக்கும் தராசின் மேல் நிறுத்தினாள். முள் ஆடி நின்றது. "ம்," என்றாள். அந்த "ம்"மில் ஒரு திருப்தி இருந்தது. அண்ணியின் திருப்தியை அந்தத் தெருவில் பார்த்தவர்கள் குறைவு. சின்னவளுக்கே அதுதான் முதல் தடவை.

அண்ணனும் அண்ணியும் செடிப்பண்ணை வைத்திருந்தார்கள். வீட்டின் மூன்று பக்கமும் பண்ணை. தலைக்கு மேல் பச்சை நிழல்வலை. வலை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் ஜன்னல்களுக்குள் நுழைந்து சுவர், மேஜை, சோப்பு, பல் எல்லாவற்றையும் குளத்தடிப் பாசி நிறத்தில் முக்கி வைத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் யார் முகமும் அவரவர் நிறத்தில் இல்லை. பகல் முழுக்கச் சொட்டுக் குழாய்களின் டொக், டொக். அதற்கிடையில் அண்ணியின் வெட்டுக் கத்தரி, சக், சக் என்று, எந்த மூலையில் இருக்கிறாள் என்று தெரியாமல், கிட்டத்தில் ஒலிப்பது போலவும் தூரத்தில் ஒலிப்பது போலவும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அண்ணனின் ஈரல் எதனால் கெட்டது என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் இருந்தது; எல்லாக் காரணமும் பாட்டிலில்தான் போய் முடியும். அண்ணி மட்டும் "செடிக்கு அடிக்கிற மருந்து" என்று சாதித்தாள். செடிக்கு அடிக்கிற மருந்தை அண்ணன் ஏன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நண்பர்களோடு அடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. எப்படியோ, மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று ஆனது. அண்ணிக்கு இரத்தப் பிரிவு ஒத்துவரவில்லை. அப்படி அண்ணியே சொன்னாள். எங்கே பார்த்தாள், எப்போது பார்த்தாள் என்று கேட்க ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. சின்னவளுக்கு ஒத்துவந்தது. சின்னவளுக்கு எல்லாமே ஒத்துவரும். அதுதான் அவளுடைய வியாதி.

பத்து மணி நேரம் வெட்டினார்கள். வலது பக்கம், நூற்றில் அறுபது பங்கு. கண் விழித்தபோது தொண்டையில் மணல், மூக்கில் குழாய், விலாவுக்குக் கீழே வடிகுழாய் ஒன்று, நெஞ்சிலிருந்து இறங்கி வலப்பக்கமாக மடங்கி ஓடும் ஒரு தையல். தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தும்மினாள். மூன்றாம் நாள் செவிலியர் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு அடி நடந்தாள். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

வருவதற்கு முன் டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். "வெட்டின பக்கம் வெறுமையாத்தாம்மா இருக்கும். அங்க திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கிற இடது பக்கம் பருத்து, மொத்த வேலையையும் எடுத்துக்கும். மூணு மாசத்துல அளவு கிட்டத்தட்ட வந்துடும். பழைய வடிவம் வராது. அதனால ஒண்ணும் குறையில்ல."

அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மூணு மாசம்னா தொண்ணூறு நாளா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். சின்னவளும் சிரித்தாள், தையல் இழுத்தது.

அவளுக்கு அப்போது வேறு கணக்கு. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், வருகிறவர்களின் கண் முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பவள். முதலாளி வேறு ஊரில் புதுக்கிளை திறந்திருந்தார். அவளைப் பொறுப்பாளராக வரச் சொல்லியிருந்தார். தங்க மாடியறையும் உண்டு. தனிச் சாவி. தன் வாழ்நாளில் தனக்கென்று ஒரு சாவி வைத்திருக்காதவளுக்கு அந்தச் சாவி கனவில் வரும் அளவுக்குப் பெரிய விஷயம். மூன்று மாதம் முடிந்து, வயிற்றை ஒரு தடவை படம் பிடித்து, வேலைக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரி ஒரு தாள் கொடுத்துவிட்டால் போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் தட்டு வந்த புதன்கிழமை எண்பத்தைந்தாவது நாள்.

அண்ணன் தேறிய விதத்தைப் பார்த்தால் நோயே இல்லாதவருக்கும் பொறாமை வந்திருக்கும். வெளியிலிருந்து வந்த ஈரலை உடம்பு எதிரியாக நினைத்து அடிக்காமல் இருக்க, காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும், நிமிஷம் தப்பாமல், மாத்திரை. அந்த மாத்திரையால் உடம்பின் காவல் குறைந்திருக்கும் என்பதால் முகக்கவசம். பச்சைக் காய் கூடாது, நாய் பூனை கூடாது, கூட்டம் கூடாது. முக்கியமாக மண் கூடாது. மண்ணிலிருக்கும் பூஞ்சை நுரையீரலில் போய்க் குடியேறிவிடும். வீட்டுக்குள் இருந்த தொட்டிகள் எல்லாம் வெளியே போயின. அவை இருந்த இடத்தில் தரையில் வட்ட வட்டமாக வெளுத்த தடங்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு அண்ணன் பண்ணையில் நின்றார். முகக்கவசம் இல்லை. முழங்கைவரை மண். மாத்திரை நேரத்துக்கு வைத்த மணி உள்ளே அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது.

"அண்ணா! மாத்திரை போட்டியா?"

"போட்டுக்கலாம் போ."

"நேரம் தப்பக்கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னாங்க? மண்ணுல வேற கைய வெச்சிருக்க!"

"என் கை, என் மண்ணு."

"ஈரல் என்னோடது," என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அண்ணன் முழங்கையைச் சொறிந்தார். பிறகு கழுத்தை. பிறகு இரண்டு கையாலும் வயிற்றின் பக்கவாட்டை, சட்டைக்கு மேலேயே, மும்முரமாக. "கொசு," என்றார். அண்ணி புதர் மறைவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். மாத்திரையைத் தவறவிட்ட கணவனை அவள் திட்டவில்லை. தண்ணீர்க் குழாயை ஐந்து நிமிஷம் திறந்துவிட்டதற்கு ஐந்து நாள் திட்டுகிற அண்ணி, சிரித்தாள்.

"விடு சின்னு. ஆம்பளைங்க அப்படித்தான். இப்ப என்ன, இது போனா..."

முடிக்காமல் கத்தரியைத் தட்டினாள். சக்.

மதியம் சின்னவளுக்கு மறுபடியும் முதல் தட்டு. மூன்று முட்டை. சாப்பிட்ட பிறகு நிழலில் நடந்தால் நல்லது என்று அண்ணி அவளைப் பண்ணையின் பின்கோடிக்குக் கூட்டிப் போனாள். அங்கே வலை இரண்டு மடிப்பு. வெளிச்சம் அடர்த்தியாக, ஏறக்குறையக் கறுப்பாக இருந்தது. ஈரத் தென்னைநார் வாடை, அதற்குள் ஏதோ இனிப்பாக அழுகும் வாடை. தனித்தனி மேடையில் பத்துப் பதினைந்து செடிகள். தண்டு கைமுட்டி பருமன். இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல. பூ ஒன்றுகூட இல்லை. தண்டு முழுக்க வெட்டிய காயங்கள், மேலே மேலே, ஆறி ஆறி, முடிச்சு முடிச்சாய்.

"இதெல்லாம் விக்கிறது இல்லையா அண்ணி?"

"தாய்ச்செடி. இத யாராவது விப்பாங்களா? இதுலருந்து வெட்டி வெட்டித்தான் மத்தது எல்லாம். நல்லாச் சோறு போடணும், வெயில் படாம பாத்துக்கணும், இடம் மாத்தவே கூடாது." ஒரு கிளை நுனியில் மொட்டு ஒன்று, சிவப்பாக, அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. அண்ணி கட்டைவிரல் நகத்தால் அதைக் கிள்ளி எறிந்தாள். "பூ விட்டா சத்து அங்க போயிடும். வந்த உடனே கிள்ளிடணும்." அதே மூச்சில், அதே குரலில், "உன் கடைக்காரர் காலைல போன் பண்ணாரு. நீ வரலைன்னு சொல்லிட்டேன்," என்றாள்.

"ஏன் அண்ணி?"

"உடம்பு இருக்கிற இருப்புல வேலை என்ன வேலை. நாங்க இல்லையா பாத்துக்க?"

கடைக்காரருக்கு அவளே பேசினாள், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு. அவர் நல்ல மனுஷர். திங்கட்கிழமை பத்துவரை பார்க்கிறேன், அதற்குமேல் வேறு ஆள் என்றார். அதைவிட நல்ல மனுஷர்களை எதிர்பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ஈரல் மாற்றியவர்களையும் கொடுத்தவர்களையும் கவனித்துக்கொள்ளும் அம்மாள்; அறுவைக்கு முன் ஐந்து தடவையாவது "உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டவர். ஐந்து தடவையும் அண்ணி அறைக்கு வெளியே, கதவுக்கு மிக அருகில், நின்றிருந்தாள்.

"அடுத்த வாரம் உங்களுக்கு ஸ்கேன் இருக்கும்மா, ஞாபகப்படுத்தத்தான். அப்புறம்..." குரல் தாழ்ந்தது. "உங்க அண்ணி நேத்து ஒண்ணு கேட்டாங்க. கொடுத்தவங்களே இன்னொரு தடவை கொடுக்கலாமான்னு. உங்களுக்குத் தெரிஞ்சுதான் கேட்டாங்களா?"

சின்னவளின் காதுக்குள் சொட்டுக் குழாய். டொக். டொக்.

"ஹலோ? பயப்படாதீங்க. அப்படி ஒண்ணு கிடையாது. எங்கயுமே எடுக்க மாட்டாங்க, எடுக்கவும் முடியாது. அந்தப் பக்கம்தான் எதுவும் இல்லையே. நான் தெளிவா சொல்லிட்டேன்."

"அண்ணி என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'உங்களுக்கு வளக்கத் தெரியல'ன்னாங்க."

அன்று மதியம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இடது பக்கமாகப் படுத்தாள். வலைக்கு மேலே வெயில் கொளுத்தியது. அறைக்குள் பச்சை இருட்டு. படுத்த சில நொடிகளில், வலது விலாவுக்கு அடியிலிருந்து ஒன்று மெல்லச் சரிந்து அவள் வயிற்றின் நடுவில் வந்து சாய்ந்தது. கனமாக. வெதுவெதுப்பாக. தூங்குகிற குழந்தை அம்மாவின் மேல் புரண்டு சாய்வது போல. நிமிர்ந்து படுத்தாள். அது திரும்ப ஊர்ந்து தன் இடத்துக்குப் போயிற்று.

விரல்களை விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். வெறுமையாக இருக்க வேண்டிய இடம். டாக்டர் காகிதத்தில் வெள்ளையாக விட்டிருந்த இடம். அங்கே ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. வழவழப்பான, உருண்ட, தடித்த விளிம்பு. அழுத்தத்தைத் தளர்த்திய பிறகும் விளிம்பு விரலைத் தேடி ஓர் இழை முன்னால் வந்தது.

குடல்தான் என்று சொல்லிக்கொண்டாள். மூன்று முட்டை என்று சொல்லிக்கொண்டாள். வில்லையில் உருப்பெருக்கம் பார்த்தே பிழைத்தவள். இல்லாததைப் பார்க்கிற கண் தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவர் அறையிலிருந்து சொறிகிற சத்தம் மட்டும் வந்தது, காய்ந்த சருகை யாரோ ஓயாமல் கூட்டுகிற மாதிரி. மருந்து வாடையையும் மீறி ஈரத்துணியும் பழைய பழமும் கலந்த ஒரு வாடை. கழிவறையில் அவர் விட்டுவந்த சிறுநீர் கறுத்த தேநீர் நிறம். ஈரலை உடம்பு உதைத்துத் தள்ளத் தொடங்கிவிட்டது என்று புரிய டாக்டர் தேவையில்லை.

"அண்ணி, அண்ணனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு நாள் தாமதிச்சாலும் அந்த ஈரல் போயிடும்!"

அண்ணி பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி, ஆற்றி, நுரை தளும்ப நீட்டினாள். "நீ ஏன் பதட்டப்படுற? பதட்டம் உனக்கு ஆகாது. குடி."

"அண்ணி!"

"அது போனாப் போகட்டும்டி. குடி."

டம்ளரை வாங்கும்போதுதான் அண்ணியின் இடுப்பில் செருகியிருந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தாள். செடித் தொட்டிகளில் குத்தி வைக்கிற பிளாஸ்டிக் பட்டை. பண்ணையில் ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் ஒன்று உண்டு. மேல் வரியில் வெட்டிய தேதி, கீழ் வரியில் அடுத்து வெட்ட வேண்டிய தேதி. இதில் மேல் வரியில் இருந்தது அவள் ஆஸ்பத்திரி மேஜையில் படுத்த நாள். கீழ் வரியில் திங்கட்கிழமை. அதற்குக் கீழே மேலும் தேதிகள். பென்சிலால், பொடிப் பொடியாக, பட்டையின் அடிவரை. திருப்பினால் பின்பக்கமும் இருக்கும் போலிருந்தது.

அவள் பாலைக் குடித்தாள். அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடிந்து, வெளிச்சம் வந்து, அண்ணி பின்கோடியில் கத்தரிக்கிற சத்தம் நிதானமாகக் கேட்கத் தொடங்கிய பிறகு, சின்னவள் பையை எடுத்தாள். கனம் தூக்கக்கூடாது என்பதால் இரண்டு துணி, சான்றிதழ், அவ்வளவுதான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவே நடந்தாள். இருபுறமும் இலைகள் நகர்ந்தன. காற்று இல்லை. வெளிக்கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுச் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா தமாஷ் பேர்வழி. அவள் அப்பா போன பிறகு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, நாலு சிரிப்பு சிரிக்க வைத்து, நாலு கிலோ ஏதாவது வாங்கிக்கொண்டு போகிறவர்.

"அடடே, எங்க கிளம்பிட்டா நம்ம மகராசி? செருப்பு கையில, பை தோள்ல. ஓடிப்போறியா? பையன் யாரு, சொல்லு, நானே கட்டி வெக்கிறேன்!"

"பஸ் ஸ்டாண்டுக்கு சித்தப்பா. வேலையில சேரணும்."

"அதுக்கு ஏன் நடக்கணும்? கார் நிக்குது பாரு. வயித்துல அத்தனை பெரிய தையலோட பிள்ள நடந்து போகுது, நான் பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?" பையை வாங்கிக்கொண்டார். அன்பாகத்தான். அவருடைய முன்கைகள் சொறிந்து சொறிந்து தோலுரிந்திருந்தன.

கத்தரிச் சத்தம் நின்றது.

அண்ணி கைகழுவிக்கொண்டு வந்தாள். கோபமே இல்லை. "போகணும்னா போ சின்னு. யாரு பிடிச்சு வெச்சா? உன் கடைக்காரர் தாள் கேப்பாரே, அதுக்கு ஒரு ஸ்கேன் பாத்துட்டுப் போயிடு. நம்மகிட்ட செடி வாங்குறவரோட இடம்தான். ஞாயித்துக்கிழமைலயும் திறந்து வெக்கச் சொல்லியிருக்கேன். வழிலதான் இருக்கு. பாத்துட்டு நேரா பஸ் ஸ்டாண்டு."

தாள் வேண்டும்தான். தாள் இல்லாமல் போய் என்ன சொல்வது? அவளுக்கே நியாயமாகப் பட்டது. அவளை வீழ்த்துவதற்கு எப்போதும் நியாயமாகப் பேசினால் போதும்.

காரில் முன்னால் அண்ணன், போர்வைக்குள். சருகு கூட்டுகிற சத்தம், இரண்டு இடத்திலிருந்து.

ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. ஜன்னல் இல்லை. படம் பிடிக்கிற பெண் சளி பிடித்த குரலில் சட்டையை ஏற்றச் சொன்னாள். வயிற்றில் பசை விழுந்தது, சில்லென்று. கருவி விலாவுக்கு அடியில் வழுக்கியது. திரை சின்னவளின் பக்கம் பாதி திரும்பியிருந்தது. சாம்பல் மழை.

"எந்தப் பக்கம் எடுத்தாங்க?"

"வலது."

கருவி நின்றது. தையலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "வலதுதானே?"

"வலதுதான். அறுபது பங்கு."

"இருக்கே."

சின்னவள் கழுத்தைத் திருப்பினாள். சாம்பலுக்குள் கறுத்த மேடு. டாக்டர் வராது என்ற வடிவம். அச்சு அசலாக வந்திருந்தது. பக்கத்து ஈரலோடு ஒட்டாமல், சற்று விலகி, ஒரு மெல்லிய கழுத்தில் தொங்கியது. அந்தக் கழுத்துக்குள் மூன்று குழாய்கள். தனித்தனியாக. நேர்த்தியாக. வெட்டுகிறவனுக்குச் சிரமம் வைக்காமல்.

"காம்பு மாதிரி..." என்றாள் அந்தப் பெண்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல். "சின்னது எத்தனை சென்டிமீட்டர் இருக்கு?"

அந்தப் பெண் சின்னதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. கருவியை ஓரங்குலம் நகர்த்தினாள். பெரியதற்குப் பின்னால் இன்னொன்று. முஷ்டி அளவு. அதற்குப் பின்னால் இன்னொன்று. எலுமிச்சை அளவு. அதற்கும் பின்னால் வரிசையாக, பட்டாணி பட்டாணியாக. ஒவ்வொன்றும் துடித்தது. அவள் இதயத்தோடு சேர்ந்து.

அந்தப் பெண் கருவியைப் போட்டுவிட்டு எழுந்தாள். பின்கதவு. ஓடுகிற செருப்புச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

சின்னவள் சட்டையை இறக்கினாள். பசை ஒட்டியது. பஸ் ஸ்டாண்டு. நேராக. பஸ் ஸ்டாண்டு. கதவைத் தள்ளினாள்.

நடைவழி நிறைய ஆட்கள்.

எல்லோரையும் தெரியும். பெரியப்பாவின் மூத்த மகன். மாமா. அத்தையும் அத்தையின் மருமகளும். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பம், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஒவ்வொருவர் மடியிலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை. எவர் வாயிலும் வெற்றுவயிற்றின் புளித்த வாடை. வெள்ளைக் குழல்விளக்கு. அதன் கீழே கண்கள். மஞ்சள். எல்லாம் மஞ்சள்.

அவள் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் வருகைக்கு யாரும் எழுந்து நின்றதே இல்லை. வரிசை நடைவழி முடிவில் திரும்பி, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் போயிற்று.

"நல்லா இருக்கியாம்மா?"

"தேறிட்டியே கண்ணு."

"நல்லா சாப்பிடுறாளா?"

"ஒண்ணொண்ணா," என்றாள் அண்ணி. "நெருக்காதீங்க."

சித்தப்பா குனிந்து, தன் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பேத்தியை முன்னால் தள்ளினார். மூன்று வயது இருக்கும். வயிறு மட்டும் பெரிது. முகம் பழுத்த இலை. "அத்தைகிட்ட போ. எங்கன்னு அத்தை காட்டுவாங்க."

குழந்தை வந்தது. கையை உயர்த்தி, சட்டைக்கு மேலே, வலது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தது. சூடான, பிசுபிசுத்த, சின்னக் கை.

"இங்கயா அத்தை?"

சின்னவள் பின்வாங்கினாள். ஓரடி. முதுகில் கதவு. அவள் மட்டும்தான் பின்வாங்கினாள். உள்ளே இருந்தவை பின்வாங்கவில்லை. பெரியது முதலில். பிறகு முஷ்டி அளவு இருந்தது. பிறகு பட்டாணிகள், ஒவ்வொன்றாக. தோலுக்கு அடியில் மெல்லப் புரண்டு, முண்டி, காம்புகளை நீட்டிக்கொண்டு, வெளிச்சம் விழும் பக்கம் நாற்றுகள் திரும்புவது போல, அந்தச் சின்ன உள்ளங்கையின் பக்கம் சாய்ந்தன.